பழைய டிரான்சிஸ்டர் கிட்டார் ஆம்ப்ளிஃபயர்: பராமரிப்பும் மேம்பாடும் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

களியக்காவிளையிலிருந்து மார்த்தாண்டம், குளச்சல் வரையிலும், எல்லைக்கு அப்பால் பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கங்களிலும், ஆலயப் பாடகர் குழுக்களிடமும் இசைக்குழுக்களிடமும் 1970களிலும் 1980களிலும் தயாரான டிரான்சிஸ்டர் கிட்டார் ஆம்ப்ளிஃபயர்கள் இன்னும் இருக்கின்றன. வளைகுடா நாடுகளில் வேலை பார்த்துத் திரும்பியவர்கள் கொண்டுவந்தவையும் அவற்றில் உண்டு. இவற்றைப் பழுது பார்ப்பவன் என்ற முறையில், என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளுக்கு இங்கே விடை எழுதியிருக்கிறேன். மேம்பாடு வேண்டும் என்று வருபவர்களில் பெரும்பாலோருக்கு உண்மையில் தேவைப்படுவது நெடுங்காலமாக விட்டுப்போன பராமரிப்புதான் என்பது என் உறுதியான கருத்து. ஆகவே விடைகளும் பராமரிப்பை முன்னிட்டே தொடங்குகின்றன.

வால்வு (கண்ணாடிக் குழாய்) ஆம்ப் அல்லாத ஒன்றுக்கு இவ்வளவு செலவு செய்வது தகுமா?

தகும். டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயர்களுக்கு ஏற்பட்ட கெட்ட பெயர் பெரும்பாலும் 1960களின் முதல் தலைமுறைக்கு உரியது. ஃபெண்டர் நிறுவனம் 1966இல் கொண்டுவந்த டிரான்சிஸ்டர் வரிசை அடிக்கடி பழுதானது. அதன் ஓசையும் இசைக் கலைஞர்களுக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அடுத்த பத்தாண்டுக்குள் நிலைமை மாறிவிட்டது. 1975இல் வெளிவந்த ரோலண்ட் ஜேசி-120 என்ற டிரான்சிஸ்டர் ஆம்ப் இன்றும் உற்பத்தியில் இருக்கிறது. தெளிந்த ஓசைக்கு உலகெங்கும் அதையே அளவுகோலாகக் கொள்கிறார்கள். நம் ஊர் நிலைமையில் இன்னொரு நியாயமும் உண்டு: வால்வுகள் இங்கே எளிதில் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் விலை அதிகம், டிரான்சிஸ்டர் ஆம்பின் உதிரிப் பாகங்களில் பெரும்பகுதியைச் சென்னை ரிச்சி தெருவிலோ எர்ணாகுளம் பள்ளிமுக்கிலோ வாங்கிவிடலாம். பாகங்களைத் தனித்தனியாக எடுத்து மாற்றும்படி அந்தக் காலத்தில் கட்டியிருக்கிறார்கள் என்பதே இவற்றின் பெரிய சிறப்பு.

உறவினர் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த ஆம்பை நேராகப் பிளக்கில் செருகலாமா?

பின்பக்கத் தகட்டில் அச்சிட்டிருக்கும் வோல்டேஜைப் படிக்காமல் செருகக் கூடாது. நம் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். ஜப்பான் சந்தைக்கு ஆனது 100 வோல்ட். அமெரிக்காவுக்கு ஆனது 120 வோல்ட். சவுதி அரேபியாவில் வீடுகளில் 127 வோல்ட் நெடுங்காலம் புழக்கத்தில் இருந்ததால், வளைகுடாவிலிருந்து வந்தது என்பதற்காக மட்டும் 220 வோல்ட் என்று முடிவு செய்துவிட முடியாது. பின்புறம் வோல்டேஜ் மாற்றும் சுவிட்ச் இருந்தால் அது எந்தப் பக்கம் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். அந்தச் சுவிட்சை மாற்றும்போது ஃபியூஸையும் மாற்ற வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்: 120 வோல்ட்டில் 2 ஆம்பியர் ஃபியூஸ் போட்ட இடத்தில் 230 வோல்ட்டுக்கு ஏறக்குறைய 1 ஆம்பியர்தான் பொருந்தும்.

சுவிட்ச் இல்லாத 120 வோல்ட் ஆம்புக்கு ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். ஆம்ப் மெயினிலிருந்து இழுக்கும் வாட் அளவைவிட ஒன்றரை மடங்காவது தாங்கும் திறன் அதற்கு இருக்கட்டும். 60 ஹெர்ட்ஸுக்கு மட்டுமே கட்டப்பட்ட டிரான்ஸ்ஃபார்மர் 50 ஹெர்ட்ஸில் வழக்கத்தைவிட அதிகமாகச் சூடாகும். ஒரு மணி நேரம் ஓடிய பின் தொட்டால் கை வைக்க முடியாத சூடு இருந்தால், உள்ளே இருக்கும் மெயின் டிரான்ஸ்ஃபார்மரையே 230 வோல்ட்டுக்குக் கட்டித் தரச் சொல்லி மாற்றிவிடுவது நல்லது. காயில் சுற்றித் தருபவர்கள் எல்லையின் இரு பக்கமும் இருக்கிறார்கள். செகண்டரி (வெளிவரும் பக்க) வோல்டேஜையும் ஆம்பியரையும் சரியாக எழுதிக் கொடுத்தால் போதும்.

பல ஆண்டுகள் மூலையில் கிடந்த ஆம்பை முதல் தடவை எப்படி ஆன் செய்வது?

சீரிஸ் லேம்ப் வழியாக மட்டுமே ஆன் செய்ய வேண்டும். மெயின் லைனில், ஆம்புக்குத் தொடராக 60 அல்லது 100 வாட் குண்டு பல்பு ஒன்றைப் போடுவதுதான் அது. எல்இடி பல்பு இதற்கு உதவாது. ஆன் செய்தவுடன் பல்பு ஒரு கணம் பிரகாசித்து, பிறகு மங்கிப்போனால் பெரிய ஷார்ட் எதுவும் இல்லை என்று பொருள். பல்பு முழு வெளிச்சத்தோடு நின்றுவிட்டால் உடனே அணைத்துவிடுங்கள். டயோடோ, ஸ்பீக்கரை இயக்கும் ஔட்புட் டிரான்சிஸ்டரோ, மின்சாரத்தைச் சேமித்துச் சீராக்கும் ஃபில்டர் கண்டென்சரோ ஷார்ட் ஆகியிருக்கும். பல்பு இல்லாமல் நேராகச் செருகியிருந்தால் அந்தக் கரண்ட் முழுவதும் டிரான்ஸ்ஃபார்மர் வழியாக ஓடியிருக்கும்.

இந்தச் சோதனையின்போது ஸ்பீக்கரைக் கழற்றிவிட வேண்டும். வால்வு ஆம்பை ஸ்பீக்கர் இல்லாமல் ஓட்டக் கூடாது என்ற விதி டிரான்சிஸ்டர் ஆம்புக்குப் பொருந்தாது. ஸ்பீக்கர் முனைகளில் மல்டிமீட்டரை டிசி (ஒரே திசையில் ஓடும் மின்சாரம்) மில்லிவோல்ட்டில் வைத்துப் பாருங்கள். 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் நன்று. சில நூறு மில்லிவோல்ட் என்றால் காரணத்தைத் தேட வேண்டும். 30, 40 வோல்ட் என்றால் ஔட்புட் டிரான்சிஸ்டர் ஒன்று ஷார்ட் ஆகிவிட்டது. அந்த நிலையில் ஸ்பீக்கரை மாட்டினால் என்ன ஆகும் என்பதற்குக் கணக்கே போதும்: 8 ஓம் சுமையில் 35 வோல்ட் டிசி நின்றால் 150 வாட்டுக்கு மேல் வெப்பமாக வாய்ஸ் காயிலில் (கோனை அசைக்கும் சுருளில்) இறங்கும். சில விநாடிகளில் காயில் கருகிவிடும்.

உள்ளே கை வைப்பதற்கு முன் என்ன கவனிக்க வேண்டும்?

வால்வு ஆம்பில் இருப்பதுபோல் 400 வோல்ட் இங்கே இல்லை என்பது உண்மைதான். ஆனால் பவர் சுவிட்ச், ஃபியூஸ் ஹோல்டர், டிரான்ஸ்ஃபார்மர் பிரைமரி ஆகிய இடங்களில் 230 வோல்ட் நிற்கிறது. அது உயிரை எடுக்கும். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கைப் பிடுங்கிக் கண்ணெதிரே வைத்துக்கொள்ள வேண்டும். பெரிய ஃபில்டர் கண்டென்சர்களை 220 ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றால் சில விநாடிகள் தொட்டு வெறுமையாக்கிய பிறகு மீட்டரில் சரிபார்க்கவும். ஸ்குரூடிரைவரை வைத்துப் பொறி பறக்க ஷார்ட் செய்யும் பழக்கம் கண்டென்சருக்கும் கண்ணுக்கும் கேடு.

பாடும்போது மைக்கில் உதடு பட்டால் ஷாக் அடிக்கிறது. இது சாதாரணமா?

இல்லை. இந்தப் பக்கத்தில் வேறு எதைப் படிக்காவிட்டாலும் இந்த விடையை முழுதாகப் படிக்கும்படி வேண்டுகிறேன். கிட்டாரின் கம்பிகள் பாலம் வழியாக ஆம்பின் சேசிஸோடு (உலோகச் சட்டத்தோடு) இணைந்திருக்கின்றன. ஆம்புக்கு எர்த் இல்லாமல், சேசிஸில் மின்சாரம் கசிந்து, மறுபுறம் மைக் இணைந்திருக்கும் மிக்சருக்கு எர்த் இருந்தால், கையிலிருந்து உதடு வரை உங்கள் உடல்தான் கம்பியாகிறது. மழையில் நனைந்த மேடையில், செருப்பில்லாமல் நிற்கும்போது இது உயிருக்கே ஆபத்து.

பழைய அமெரிக்க ஆம்புகள் பலவற்றில் இரண்டு முனை பிளக்கும், மெயினின் ஒரு முனையிலிருந்து சேசிஸுக்குப் போகும் ஒரு கண்டென்சரும், "கிரவுண்ட்" என்று எழுதிய ஒரு சுவிட்சும் இருக்கும். அந்தக் கண்டென்சர் ஷார்ட் ஆனால் சேசிஸ் முழுவதும் லைன் ஆகிவிடும். அதைக் கழற்றி எறிய வேண்டும். அந்தச் சுவிட்சின் இணைப்பையும் நீக்க வேண்டும். பிறகு மூன்று கோர் கேபிள் போட்டு, பச்சை மஞ்சள் கம்பியைச் சேசிஸில் அதற்கென்று தனியாகத் துளையிட்ட போல்ட்டில், பெயின்டைச் சுரண்டிய இடத்தில், பல் வாஷர் வைத்து இறுக்க வேண்டும். அந்தக் கம்பி மற்ற இரண்டையும்விடச் சற்று நீளமாக இருக்கட்டும். கேபிளை யாராவது இழுத்துவிட்டால் எர்த் கடைசியாக அறும். லைன் கம்பி முதலில் ஃபியூஸுக்கும், பிறகு சுவிட்சுக்கும் போக வேண்டும்.

இவ்வளவும் செய்தாலும் கட்டடத்தில் எர்த் இல்லை என்றால் பயனில்லை. பழைய ஆலயங்களிலும் மண்டபங்களிலும் மூன்று துளை சாக்கெட் இருக்கும். பின்னால் எர்த் கம்பியே இருக்காது. லைனுக்கும் எர்த்துக்கும் இடையே மீட்டர் வைத்தால் 230க்கு அருகே காட்ட வேண்டும். அதைவிட மிகக் குறைவாகவோ நிலையில்லாமலோ காட்டினால் எர்த் அறுந்திருக்கிறது. உப்பும் கரியும் போட்டு எர்த் குழி எடுத்த காலத்துக்குப் பிறகு அதில் யாரும் தண்ணீர்கூட ஊற்றியிருக்க மாட்டார்கள். மேடைக்குப் போகும் லைனில் மின்சாரம் கசிந்தால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லியாம்பியர் இஎல்சிபி ஒன்று போடுவதற்கு ஆகும் செலவு ஒரு நல்ல ஜோடி கிட்டார் கேபிளின் விலைக்கு மேல் போகாது. ஆம்பில் செய்யக்கூடிய எந்த மேம்பாட்டைவிடவும் இதை முதலில் செய்யுங்கள்.

எர்த் முனையை வெட்டிவிட்டால் ஹம் (ரீங்காரம்) போய்விடுகிறதே?

ஹம் போகிறது, பாதுகாப்பும் அதோடு போகிறது. வெட்டவே கூடாது. இரண்டு கருவிகள் இரண்டு வழியாக எர்த்தோடு இணைந்து வளையம் உண்டாவதுதான் ஹம்முக்குக் காரணம். எல்லாவற்றையும் ஒரே பலகையிலிருந்து மின்சாரம் எடுக்கச் செய்யுங்கள். அப்படியும் ஹம் இருந்தால், ஆம்புக்கும் மிக்சருக்கும் இடையே டிரான்ஸ்ஃபார்மர் உள்ள டிஐ பாக்ஸ் (ஒலிக் கம்பிக்கான இடைப்பெட்டி) வைத்து, அதன் கிரவுண்ட் லிஃப்டை, அதாவது எர்த் இணைப்பை விலக்கும் சுவிட்சை, பயன்படுத்துங்கள். வளையத்தை ஒலிக் கம்பியில் அறுக்கலாம். மின் கம்பியில் அறுக்கக் கூடாது.

திருவிழாவில் ஜெனரேட்டரில் ஓட்டினால் ஆம்புக்குக் கெடுதல் உண்டா?

உண்டு. அலங்கார விளக்குகளை ஒரே நேரத்தில் அணைக்கும்போது சுமை குறைந்து வோல்டேஜ் ஏறும். நியூட்ரல் அறுந்தால் ஒற்றை ஃபேஸ் இணைப்பிலேயே 400 வோல்ட்டை நெருங்கிவிடும். இது ஜெனரேட்டரில் மட்டுமல்ல, கிராமத்து லைன்களிலும் காற்று மழைக் காலத்தில் நேர்கிறது. ஆம்புக்குள் ஃபியூஸை அடுத்து, லைனுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 275 வோல்ட் வேரிஸ்டர் ஒன்றைப் போட்டுவைத்தால், வோல்டேஜ் எல்லை மீறும்போது அது தன்னை ஷார்ட் ஆக்கிக்கொண்டு ஃபியூஸை அறுத்துவிடும். சில ரூபாய்ப் பொருள் டிரான்ஸ்ஃபார்மரைக் காப்பாற்றும். ஃபியூஸுக்குப் பதிலாகச் செம்பு இழையைச் சுற்றியிருந்தால் இந்த ஏற்பாடு வேலை செய்யாது என்பதோடு தீப்பிடிக்கவும் வழியாகும்.

எப்போதும் ஒரு ஹம் இருக்கிறது. கண்டென்சர்களையெல்லாம் மாற்ற வேண்டுமா?

முதலில் ஹம் எந்த வகை என்று கேளுங்கள். கனத்த, அடித்தொண்டையில் முனகுவது போன்ற ஓசை 50 ஹெர்ட்ஸ். அது எர்த் வளையத்தாலோ, ஷீல்டு அறுந்த கம்பியாலோ வருகிறது. அதைவிட ஒரு ஸ்தாயி மேலே, ரம்பம் அறுப்பதுபோல் ஓரம் கொண்ட ஓசை 100 ஹெர்ட்ஸ். அதுதான் ஃபில்டர் கண்டென்சர் காய்ந்துபோனதன் அடையாளம். வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்தும் 100 ஹெர்ட்ஸ் கேட்டால் ஐயமே வேண்டாம்.

எலக்ட்ரோலைட்டிக் கண்டென்சருக்குள் இருக்கும் திரவம் ஆண்டுகள் செல்லச் செல்ல ஆவியாகிறது. வெப்பம் 10 டிகிரி கூடினால் அதன் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது பொறியாளர்கள் நெடுங்காலமாகக் கொள்ளும் கணக்கு. கோடையில் தகரக் கூரையின் கீழ், டிரான்சிஸ்டரின் சூட்டை வெளியேற்றும் ஹீட் சிங்குக்கு ஒட்டியே நிற்கும் கண்டென்சர்தான் முதலில் போகும். நாற்பது ஆண்டு ஆன ஆம்பில் இரண்டு பெரிய ஃபில்டர் கண்டென்சர்களையும், கிட்டாரின் சிறு சிக்னலை முதலில் பெருக்கும் பிரீ ஆம்புக்கு மின்சாரம் கொடுக்கும் இடத்திலுள்ள சிறியவற்றையும் மாற்றிவிடச் சொல்வேன். புதியவை 105 டிகிரி வகையாக இருக்கட்டும். வோல்டேஜ் அளவு பழையதற்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருக்க வேண்டும்; கூட்டல், கழித்தல் முனைகளை மாற்றிப் போட்டால் வெடிக்கும். 4700 மைக்ரோஃபாரட் இருந்த இடத்தில் 6800 போடுவதில் தவறில்லை. 22000 போட்டால் ஹம் இன்னும் குறையும் என்று எண்ணுவது சரியல்ல. ஆன் செய்யும் கணத்தில் பாயும் கரண்ட் பெருகி, டயோடு பிரிட்ஜும் ஃபியூஸும் வருந்தும்.

பிரீ ஆம்பிலுள்ள பாலியஸ்டர் கண்டென்சர்களைத் தொடவே தேவையில்லை. அவை காய்வதில்லை. "முழுவதும் மாற்றித் தருகிறோம்" என்று சொல்லும் இடங்களில் போர்டின் டிராக்குகள் (செம்புத் தடங்கள்) உரிந்து திரும்பி வருவதை அடிக்கடி பார்க்கிறேன்.

திருகும்போது கரகரப்பு, சில சமயம் ஓசையே நின்றுவிடுகிறது. என்ன செய்யலாம்?

கரகரப்புக்கு, எலக்ட்ரானிக்ஸ் கடையில் விற்கும் கான்டாக்ட் கிளீனரை வால்யூம் கன்ட்ரோலின் இடுக்கில் மிகச் சிறிதளவு விட்டு, இருபக்கமும் பலமுறை திருப்ப வேண்டும். தேங்காய் எண்ணெய், மண்ணெண்ணெய், துரு நீக்கும் தெளிப்பு ஆகியவற்றை விட்டவர்கள் உண்டு. அப்போதைக்குச் சரியானதுபோல் தோன்றும், பிறகு தூசி ஒட்டிக் குழம்பாகிவிடும். சுத்தம் செய்த பின்னும் கரகரப்பு நிற்கவில்லை என்றால், அந்தக் கன்ட்ரோலில் டிசி வந்து நிற்கிறதா என்று மீட்டரில் பாருங்கள். அப்படி நின்றால் குற்றம் கன்ட்ரோலில் இல்லை, சிக்னலை மட்டும் விட்டு டிசியைத் தடுக்க வேண்டிய, அதற்கு முன்னுள்ள கப்ளிங் கண்டென்சர் கசிகிறது.

ஓசை விட்டுவிட்டு வருவதற்கு முதல் சந்தேகம் வெளி எஃபெக்ட் பெட்டிகளை இணைப்பதற்கான, பின்பக்கத்து எஃபெக்ட்ஸ் சென்ட், ரிட்டர்ன் ஜாக்குகள். யாரும் எதையும் செருகாத அந்த ஜாக்குகளுக்குள், சிக்னலைக் கடத்தும் சிறு தகடு கறுத்துவிடுகிறது. ஒரு குட்டை கேபிளால் சென்டையும் ரிட்டர்னையும் இணைத்துப் பாருங்கள். ஓசை திரும்பினால் ஐசோபுரப்பைல் ஆல்கஹாலால் அந்தத் தகட்டைத் துடைத்தால் வேலை முடிந்தது. என் மேசைக்கு வரும் "செத்துப்போன" ஆம்புகளில் கணிசமானவை இந்த ஒரு காரணத்தால் வருபவையே.

அடுத்த சந்தேகம் பற்றவைப்பு. ஜாக்குகள், கன்ட்ரோல்கள், கனமான கண்டென்சர்கள், சூடேறும் டிரான்சிஸ்டர்கள் ஆகியவற்றின் கால்களைச் சுற்றி வளையம்போல் மெல்லிய விரிசல் விழும். பூதக்கண்ணாடியில் தெரியும். உலர்ந்த மூங்கில் குச்சியால் மெதுவாகத் தட்டினால் எந்த இடத்தில் சடசடக்கிறதோ அங்கே இருக்கும். பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்துவிட்டு, 60/40 ஈயக் கம்பியால் புதிதாகப் பற்றவையுங்கள். பழையதன் மேலேயே சூடு வைத்து உருக்கி விடுவது நெடுநாள் நிற்காது.

கடற்காற்றும் இரண்டு மழைக்காலமும் உள்ள ஊரில் ஆம்பை எப்படி வைத்துக்கொள்வது?

இந்தப் பகுதிக்கு ஜூனில் தொடங்கும் தென்மேற்குப் பருவமும் உண்டு, அக்டோபரில் தொடங்கும் வடகிழக்குப் பருவமும் உண்டு. குளச்சல், கொல்லங்கோடு போன்ற கடலோர ஊர்களில் உப்பும் சேர்ந்துகொள்கிறது. உப்புப் படிந்த போர்டு ஈரத்தை இழுக்கும்; இரண்டு டிராக்குகளுக்கு இடையே மின்சாரம் கசியும்; காரணம் தெரியாத இரைச்சல் வரும்.

பிளாஸ்டிக் தாளால் இறுக மூடி வைப்பதுதான் மிகக் கெடுதலானது, ஏனென்றால் உள்ளிருக்கும் ஈரம் வெளியேற வழியில்லை. பருத்தித் துணி உறை போதும். தரையிலும் வெளிச்சுவரை ஒட்டியும் வைக்காமல், மரப்பலகை மேல் வையுங்கள். வாரம் ஒரு முறையாவது ஒரு மணி நேரம் ஓட்டுங்கள். அதன் சொந்தச் சூடே அதை உலர்த்தும், கண்டென்சர்களும் நிலைபெறும். பெட்டியின் கறுப்பு ரெக்சினில் பூஞ்சை பிடித்தால் நீர்த்த வினிகரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து நிழலில் காயவையுங்கள். நேர் வெயிலில் வைத்தால் பசை இளகி ரெக்சின் உரியும்.

பூச்சிகளையும் சொல்ல வேண்டும். குளவி, திறந்திருக்கும் ஜாக் துளைகளில் மண் வைத்து அடைக்கும். பல்லி, மின் முனைகளுக்கு இடையே சிக்கினால் ஷார்ட். எலி ஸ்பீக்கர் கோனின் தாளைக் கடிக்கும். பயன்படுத்தாத ஜாக்குகளில் பிளாஸ்டிக் மூடி போடுவதும், திறந்த முதுகுக்கு நைலான் வலை அடிப்பதும் எளிய தடுப்பு. காற்றோட்டத்தை அடைக்காத வலையாக இருக்கட்டும்.

ரிவெர்ப் வேலை செய்யவில்லை. புதிது வாங்க வேண்டுமா?

பெட்டியின் அடியில் பைக்குள் இருக்கும் நீண்ட தகரத் தொட்டிதான், ஓசைக்கு எதிரொலி சேர்க்கும் ஸ்பிரிங் ரிவெர்ப். ஆம்பை மெதுவாகத் தட்டினால் இடிமுழக்கம்போல் ஓசை வந்தால் வெளியீட்டுப் பக்கம் நன்றாக இருக்கிறது; குறை உள்ளீட்டுப் பக்கம். இரு முனைச் சுருள்களையும் மீட்டரில் ஓம் பாருங்கள். வெளியீட்டுச் சுருள் பரவலான வகைகளில் 200 ஓம் அளவில் காட்டும்; உள்ளீட்டுச் சுருள் வகைக்கேற்ப ஒரு ஓமிலிருந்து சில நூறு ஓம் வரை இருக்கும். எதுவுமே காட்டாவிட்டால், முடியைவிட மெல்லிய கம்பி முனைக்கு அருகில் அறுந்திருக்கும், பொறுமையுள்ளவர் பற்றவைத்துவிடலாம். புதிது வாங்குவதானால் தொட்டியில் அச்சிட்ட குறியீட்டை அப்படியே பார்த்து வாங்குங்கள். நீளம் ஒன்றாக இருந்தும் சுருளின் இம்பீடன்ஸ் (மாறும் மின்சாரத்துக்கு அது காட்டும் தடை) வேறானால் ஓசை சரியாக எழாது.

கோரஸ் பக்கத்தில் மட்டும் இரைச்சல் அதிகம். சரி செய்ய முடியுமா?

கோரஸ் என்பது ஒரே ஓசையை இரண்டாகக் கேட்கச் செய்யும் வசதி. ஜேசி-120 போன்றவற்றில் ஒரு ஸ்பீக்கரில் நேர் ஓசையும், மற்றதில் சுருதி அசையும் ஓசையும் வந்து, அறையின் காற்றில்தான் இரண்டும் கலக்கின்றன. ஆகவே இரைச்சல் ஒரே ஸ்பீக்கரில் வருவது இயல்பு. வழக்கத்தைவிடக் கூடியிருந்தால் அந்தப் பகுதிக்கு மின்சாரம் தரும் சிறு கண்டென்சர்களை முதலில் மாற்றுங்கள். உள்ளே ஓசையைத் தாமதப்படுத்தும் சில்லை (சிப்பை) அசல் தயாரிப்பாளர் நிறுத்தி நெடுங்காலம் ஆகிறது, பழைய சரக்கு என்ற பெயரில் போலி நிறைய விற்கிறது. சில்லின் மேல் பழி போடுவதற்கு முன் மற்ற எல்லாவற்றையும் சோதித்துவிடுங்கள்.

ஔட்புட் டிரான்சிஸ்டர் போய்விட்டது. கடையில் "இதுவும் அதுவும் ஒன்றுதான்" என்கிறார்கள். நம்பலாமா?

தரவுத்தாளைப் பார்க்காமல் நம்பக் கூடாது. எல்லாக் கடையிலும் கிடைக்கும் 2என்3055 நல்ல டிரான்சிஸ்டர்தான், ஆனால் அதன் தாங்கும் வோல்டேஜ் 60. கூட்டல் 40, கழித்தல் 40 வோல்ட்டில் ஓடும் ஆம்பில் ஒரு டிரான்சிஸ்டரின் மேல் 80 வோல்ட் வரை விழும். அங்கே 140 வோல்ட் தாங்கும் 2என்3773 அல்லது எம்ஜே15003, எதிர் ஜோடிக்கு எம்ஜே15004 போன்றவை வேண்டும். 1960களின் ஆம்பாக இருந்தால் உள்ளே ஜெர்மானியம் டிரான்சிஸ்டர் இருக்கக்கூடும். அதன் இடத்தில் சிலிக்கானை நேராகப் போட முடியாது, பயாஸ் (வாசிக்காதபோதும் டிரான்சிஸ்டரில் ஓட விடும் சிறு கரண்ட்) அமைப்பே வேறு.

போலிகள் மிகுதி. பெரிய உலோக உறைக்குள் சிறு சில்லை வைத்து, மேலே பெயரை அச்சிட்டு விற்கிறார்கள். எழுத்து நகத்தால் சுரண்டினால் அழிந்தால், அல்லது அசலைவிட எடை வெகு குறைவாக இருந்தால் விலகிக்கொள்ளுங்கள். ரசீது தரும், பெயர் பெற்ற விற்பனையாளரிடம் சற்று அதிக விலைக்கு வாங்குவது முடிவில் மலிவு.

பொருத்தும்போது பழைய காய்ந்த பேஸ்டைத் துடைத்து, புதிய மைக்காத் தகட்டின் இருபுறமும் மெல்லிய பூச்சு கொடுங்கள். உலோக உறையே கலெக்டர் என்ற மின் முனை என்பதால், இறுக்கிய பின் உறைக்கும் ஹீட் சிங்குக்கும் இடையே இணைப்பு இல்லை என்று மீட்டரில் உறுதி செய்யுங்கள். ஒன்று போனால் அதன் ஜோடியையும் மாற்றி, முன்னிற்கும் டிரைவர் டிரான்சிஸ்டர்களையும் எமிட்டர் ரெசிஸ்டர்களையும் சோதிக்க வேண்டும். தனியாக ஒன்றை மட்டும் மாற்றினால் மாலைக்குள் திரும்பவும் போகும்.

பயாஸ் எப்படி அமைப்பது?

மெல்ல வாசிக்கும்போது ஓசையின் ஓரத்தில் மணல் கலந்ததுபோல் கேட்டால் பயாஸ் குறைவு. வாசிக்காமலே ஹீட் சிங்க் சுட்டால் பயாஸ் அதிகம். எமிட்டர் ரெசிஸ்டரின் இரு முனைகளுக்கிடையே மில்லிவோல்ட் பார்த்து அமைக்க வேண்டும். 0.33 ஓமில் 8 மில்லிவோல்ட் என்றால் ஏறத்தாழ 24 மில்லியாம்பியர். எவ்வளவு வேண்டும் என்பதைச் சர்க்யூட் படம்தான் சொல்லும். பல ஆம்புகளில் திருகவே இடமிருக்காது. பயாஸைத் திருகி அமைக்கும் பிரீசெட் என்ற சிறு கன்ட்ரோல் பழையதாக இருந்தால் முதலில் அதைப் புதிதாக மாற்றுங்கள். அதன் தொடுமுனை அறுந்தால் சில சர்க்யூட்களில் பயாஸ் முழு அளவுக்கு ஏறி, புதிய டிரான்சிஸ்டர்களும் கருகும். சீரிஸ் லேம்ப் இருக்கும்போது வோல்டேஜ் குறைந்திருக்கும் என்பதால், பழுதில்லை என்று உறுதியான பிறகு பல்பு இல்லாமல் நேராக மெயினில், பத்து நிமிடம் சூடான பின் அமைக்க வேண்டும்.

பழைய ஐசியை எடுத்துவிட்டு நவீன ஐசி போட்டால் ஓசை உயருமா?

சில இடங்களில் உயரும், எல்லா இடத்திலும் அல்ல. இதில் கடைக்காரர்கள் சொல்வதும் உண்மையும் வெகுவாக விலகுகின்றன. என்இ5532 என்ற ஐசி இரைச்சல் குறைந்தது என்று புகழ்பெற்றது. தரவுத்தாளில் அதன் வோல்டேஜ் இரைச்சல் 5 நானோவோல்ட், டிஎல்072 என்ற மற்றொரு ஐசிக்கு 18. இந்த எண்ணை மட்டும் பார்த்து முதல் நிலையில் 5532 போட்டுவிடுகிறார்கள். ஆனால் கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் கிட்டார் பிக்கப்பின் இம்பீடன்ஸ் உயர் அதிர்வெண்களில் ஒரு லட்சம் ஓமைத் தாண்டும். 5532க்குக் கரண்ட் இரைச்சல் 0.7 பிக்கோஆம்பியர்; ஒரு லட்சம் ஓமில் அது 70 நானோவோல்ட் ஆகிவிடுகிறது. ஜெஃபெட் உள்ளீடு கொண்ட டிஎல்072இல் அது மிக அற்பம். ஆகவே கிட்டார் நுழையும் முதல் நிலைக்கு டிஎல்072 பொருத்தம். பின்னால் ரிவெர்ப் மீட்பு, மிக்சிங் போன்ற குறைந்த இம்பீடன்ஸ் நிலைகளுக்கு 5532 பொருத்தம்.

5532 அதிகக் கரண்ட் இழுக்கும். ஜீனர் டயோடில் ஓடும் பழைய பிரீ ஆம்ப் சப்ளை தாழ்ந்துவிடக்கூடும். வேகமான ஐசி, பழைய போர்டில் காதுக்குக் கேட்காத அதிர்வெண்ணில் தானே அலையத் தொடங்கவும் கூடும். ஐசியின் மின் முனைகளுக்கு மிக அருகில் 0.1 மைக்ரோஃபாரட் கண்டென்சர் போட வேண்டும். ஐசியை நேராகப் பற்றவைக்காமல் சாக்கெட் போட்டுவிட்டால், பிடிக்காதபோது பழையதையே திரும்ப வைக்கலாம். ஓசையை வேண்டுமென்றே கரகரக்கச் செய்யும் ஓவர்டிரைவ் நிலையில் இருக்கும் 4558 ஐசியை மட்டும் மாற்ற வேண்டாம் என்பேன். அந்த ஆம்பின் குணம் அங்கேதான் இருக்கிறது. முதல் நிலையிலுள்ள கார்பன் ரெசிஸ்டர்களை மெட்டல் ஃபிலிமாக மாற்றுவது, ஐசி மாற்றத்தைவிட மலிவாகவும் சில ஆம்புகளில் அதிகமாகவும் இரைச்சலைக் குறைக்கும்.

ஒரே ஒரு மேம்பாடு செய்யப் பணம் இருக்கிறது. எது?

எர்த்தும் கண்டென்சரும் சரியாக இருந்தால், ஸ்பீக்கர். ஒரு வாட்டுக்கு 97 டெசிபெல் தரும் ஸ்பீக்கரின் இடத்தில் 100 டெசிபெல் தருவதைப் போட்டால், அந்த 3 டெசிபெல் ஆம்பின் வாட்டை இரட்டிப்பாக்கியதற்குச் சமம். 60 வாட் ஆம்பை 120 வாட்டாக மாற்ற டிரான்ஸ்ஃபார்மர் முதல் ஹீட் சிங்க் வரை எல்லாம் மாற வேண்டும். ஸ்பீக்கருக்கு நான்கு போல்ட்டுகள் போதும்.

கிட்டாருக்கென்று செய்த ஸ்பீக்கராகவே இருக்க வேண்டும். மேடை ஒலிபெருக்கிக்கான ஸ்பீக்கர் மேல் அதிர்வெண்களை அப்படியே தரும். ஓவர்டிரைவ் போட்டால் காதைக் கிழிக்கும். இம்பீடன்ஸில் கவனம்: ஆம்பில் எழுதிய குறைந்தபட்ச ஓமுக்குக் கீழே போகக் கூடாது. 8 ஓம் என்றிருக்கும் இடத்தில் 4 ஓம் போட்டால் கரண்ட் ஏறி ஔட்புட் நிலை கருகும். 4 ஓமுக்கு ஆனதில் 8 ஓம் போடலாம். வாட் குறையும், ஆபத்தில்லை. ஸ்பீக்கரின் தாங்கும் திறன் ஆம்பின் வாட்டைப்போல் ஒன்றரை மடங்கு இருக்கட்டும்.

பழைய ஸ்பீக்கரை எறிவதற்கு முன் கோனின் இருபக்கமும் இரு கைவிரல்களால் சமமாக, மிக மெதுவாக அழுத்திப் பாருங்கள். உரசும் ஓசை இல்லாமல், ஓம் அளவும் 6க்கு மேல் இருந்தால் 8 ஓம் ஸ்பீக்கர் நலமாக இருக்கிறது. சடசடப்பு பல சமயம் தளர்ந்த போல்ட்டாலோ, மழையில் ஊதிப்போன பெட்டிப் பலகையாலோ வருகிறது.

இன்னொரு எச்சரிக்கை: பல டிரான்சிஸ்டர் கிட்டார் ஆம்புகளில் ஸ்பீக்கரின் கழித்தல் முனை நேராகச் சேசிஸுக்குப் போவதில்லை; ஒரு ஓமுக்கும் குறைவான பெரிய வாட் ரெசிஸ்டர் வழியாகப் போகிறது. வால்வு ஆம்பின் சாயலில் ஸ்பீக்கர் துள்ளுவதற்கென்றே அது வைக்கப்பட்டிருக்கிறது. அதை வேண்டாத பாகம் என்று நினைத்து ஷார்ட் செய்தால் ஓசை தட்டையாகிவிடும்.

பவர் நிலை முழுவதும் எரிந்துவிட்டது. ரெடிமேட் போர்டு போடலாமா?

போர்டு கரியாகி, டிராக்குகள் எல்லாம் போன பிறகு மட்டும் போடலாம். எல்எம்3886 ஐசி கொண்ட போர்டு, கூட்டல் 28, கழித்தல் 28 வோல்ட்டில் 4 ஓமுக்கு 68 வாட் வரை தரும். உங்கள் ஆம்பின் சப்ளை ஒரு பக்கத்துக்கு 42 வோல்ட்டுக்கு மேல் என்றால் அந்த ஐசியைப் போடவே முடியாது. சேசிஸில் புதுத் துளை போடாமல், பழைய போர்டைப் பத்திரமாகக் கவரில் போட்டுப் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள். ஸ்பீக்கருக்கு டிசி போகாமல் தடுக்கும் ரிலே போர்டு ஒன்றையும் சேர்த்துப் போடுவது இந்த வேலையின் ஒரு பகுதி என்றே கொள்ள வேண்டும்.

சர்க்யூட் படம் கிடைக்காவிட்டால் என்ன செய்வது?

பெயர் பெற்ற நிறுவனங்களின் சர்வீஸ் மேனுவல்கள் பெரும்பாலும் இணையத்தில் கிடைக்கின்றன. மாடல் எண்ணோடு தொடர் எண்ணையும் பாருங்கள், ஒரே மாடலில் போர்டு பலமுறை மாறியிருக்கும். கிடைக்கவில்லை என்றால், எதையும் கழற்றுவதற்கு முன் போர்டின் இருபக்கமும் நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஆம்ப் நன்றாக ஓடும் நாளில், ஒவ்வொரு டிரான்சிஸ்டர், ஐசி காலிலும் உள்ள டிசி வோல்டேஜை அளந்து, வோல்டேஜ், மாற்றிய பாகத்தின் பெயர், மாற்றிய தேதி ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிப் பெட்டியின் உட்பக்கத்தில், டிரான்ஸ்ஃபார்மரின் சூடு படாத இடத்தில் ஒட்டிவிடுங்கள். ஆம்ப் பழுதாகும் நாளில் வேறு யார் திறந்தாலும், எந்தக் காலில் வோல்டேஜ் மாறியிருக்கிறதோ அங்கிருந்து தேடத் தொடங்கலாம்.